விதைத்த ஆண்டும் விளைந்த ஆண்டும்: சி. சுப்பிரமணியம் அவர்களின் மந்திரிப் பணி

நமது சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் அடிக்கடி எழும் பிரச்னை ஒன்று உண்டு. கிடங்கு கட்டப் பணம் ஒதுக்கினால் இவ்வாண்டு பங்கு ஈவு குறைகிறது. ஒதுக்காவிட்டால் அறுவடைக் காலத்தில் சரக்கை வைக்க இடமின்றி, கேட்ட விலைக்குத் தள்ளிவிட நேருகிறது. செலவு இவ்வாண்டுக் கணக்கில் ஏறுகிறது. பலனோ மூன்றாம் ஆண்டில்தான் கைக்கு வருகிறது. இடையில் நிர்வாகக் குழுவின் தேர்தல் வந்துவிடுகிறது. செலவு செய்த குழு போய், பலனைக் காட்டும் குழு வேறாக இருப்பதும் உண்டு.

ஒரு சங்கத்துக்கு நேரும் இச்சோதனை ஒரு காலத்தில் தேசம் முழுமைக்கும் நேர்ந்தது. 1964 முதல் 1967 வரை மத்திய சர்க்காரில் உணவு, விவசாய மந்திரியாக இருந்த திரு. சி. சுப்பிரமணியம் அவர்கள் அச்சோதனையின் நடுவே நின்றவர். அவர் எடுத்த முடிவுகளின் பலன் 1968-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் களத்து மேட்டில் குவிந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்திருந்தார்கள். அவருடைய பொதுவாழ்வு எவ்வாறு அமைந்தது, அம்முடிவுகள் எவை, அவற்றால் நன்மை அடைந்தவர் யார், அடையாதவர் யார் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

பொள்ளாச்சியிலிருந்து கோட்டைக்கு

சி. சுப்பிரமணியம் 1910-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, கோயமுத்தூர் ஜில்லா பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாகாணக் கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் சட்டம் பயின்றார். 1932-ஆம் ஆண்டு சட்ட மறுப்பு இயக்கத்திலும், 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு இயக்கத்திலும் சிறை சென்றார். இடையில் கோவையில் வக்கீல் தொழில் நடத்தினார். சுதந்திரம் வந்தபோது அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார்.

1952-ஆம் ஆண்டு ராஜாஜி அமைத்த சென்னை மந்திரி சபையில் அவர் நிதி மந்திரியானார். 1954-ல், ஆரம்பக் கல்வித் திட்டத்தைப் பற்றிய கடும் எதிர்ப்பின் நடுவே ராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காங்கிரஸ் சட்டசபைக் கட்சி கூடியது. காமராஜர் ஒரு புறமும் சுப்பிரமணியம் மறு புறமும் போட்டியிட்டனர். காமராஜருக்கு 93 வாக்குகள்; சுப்பிரமணியத்துக்கு 41.

போட்டியில் வென்ற காமராஜர், தோற்றவரைத் தம் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டு, நிதியையும் கல்வியையும் அவரிடமே ஒப்படைத்தார். தோற்றவரும் மனக்கசப்பின்றி ஏற்றுக்கொண்டார். எதிர்ப்புக்கு ஆளான கல்வித் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. பள்ளிகள் பெருகின. 1956-க்குப் பின்னர், ஊரார் தந்த பங்கும் சர்க்கார் தந்த பங்கும் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் பரவியது. சங்கத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள் மறுநாள் ஒரே மேஜையில் அமர்ந்து வேலை செய்ய முடியுமா என்று ஐயுறுவோர்க்கு, 1954 முதல் 1962 வரை நடந்த அந்த நிர்வாகமே விடை.

எஃகும் உணவும்

1962-ஆம் ஆண்டு லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேரு அவர்களின் மந்திரி சபையில் எஃகு, கனரகத் தொழில் இலாகாவை ஏற்றார். 1964 மே மாதம் நேரு மறைந்தார். ஜூன் மாதத்தில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, உணவு, விவசாய இலாகாவைச் சுப்பிரமணியத்திடம் தந்தார். அது எவரும் விரும்பிக் கேட்கும் இலாகா அன்று. விளைந்தால் மழைக்குப் புகழ். பொய்த்தால் மந்திரிக்குப் பழி.

நாட்டின் நிலையோ கவலைக்கிடமாக இருந்தது. ஜனத்தொகை ஏறியது, விளைச்சல் அதற்கு ஈடாக ஏறவில்லை. குறைந்த பகுதியை அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை நிரப்பியது. கப்பல் வரத் தாமதமானால் ரேஷன் கடை வெறுமையாகும் நிலை. புதிதாகச் சாகுபடிக்குக் கொண்டுவரக்கூடிய நிலமும் மிகுதியாக இல்லை. ஆகையால் உள்ள நிலத்திலேயே ஏக்கருக்குக் கூடுதலாக விளைவிப்பதே வழி. அதற்கு மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கவேண்டும் என்று அவர் கண்டார்: விளைபொருளுக்கு நியாயமான விலை, விளைச்சல் தரும் விதை, உரம் வாங்கக் கடன். இவற்றுள் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண்.

முதலில் விலை

விதையைப் பற்றிப் பேசுமுன் அவர் விலையைப் பற்றிப் பேசினார். காரணம் குடியானவர் யாவரும் அறிந்ததே. ஏக்கருக்குப் பத்து மூட்டை கண்ட இடத்தில் இருபது மூட்டை கண்டால், அறுவடை மாதத்தில் விலை பாதியாகிவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. அந்தப் பயம் உள்ளவரையில் அவர் கடன் வாங்கி உரம் போடமாட்டார்.

1964-ல் எல். கே. ஜா அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் யோசனைப்படி 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் ஏற்பட்டது; பேராசிரியர் எம். எல். தந்த்வாலா அதன் தலைவரானார். சாகுபடிச் செலவையும் சந்தை நிலவரத்தையும் ஆராய்ந்து விலையைச் சிபாரிசு செய்வது கமிஷனின் வேலை. அதே மாதம் 14-ஆம் தேதி இந்திய உணவுக் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமைக் காரியாலயம் சென்னையிலும், முதல் ஜில்லாக் காரியாலயம் தஞ்சாவூரிலும் அமைந்தன.

இவ்விரண்டும் சேர்ந்து இயங்கும் முறை எளிது. விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் கார்ப்பரேஷன் சந்தையில் நுழைந்து வாங்கவேண்டும். பற்றாக்குறைக் காலத்தில் கையிருப்பை வெளியிட்டு, விலை எல்லை மீறாமல் தடுக்கவேண்டும். முன்னது விளைவிப்பவருக்குப் பாதுகாப்பு. பின்னது வாங்கி உண்பவருக்குப் பாதுகாப்பு. நம் நெசவாளர் குடும்பங்கள் இரண்டாவதன் அருமையை நன்கு அறியும். அரிசி விலை ஏறும்போது நெசவுக் கூலி அரிசிக்கே போய்விடுகிறது. அதே வேளையில் ஊரார் துணி வாங்குவதைக் குறைப்பதால் நெய்த துணியும் தேங்குகிறது. கழனியில் குறைந்த விளைச்சல் தறியையும் நிறுத்திவிடும்.

பிறகு விதை

நம் நாட்டுக் கோதுமை உயரமாக வளர்வது. அதற்கு மிகுதியாக உரமிட்டால் கதிர் பருக்கும். ஆனால் தண்டு பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஆகவே உரத்தால் முழுப் பயன் இல்லை. மெக்ஸிகோவில் டாக்டர் நார்மன் போர்லாக், ஜப்பானியக் குட்டை ரகத்தின் இனத்தைக் கலந்து, தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் உள்ள கோதுமைகளை உருவாக்கியிருந்தார். அவை உரத்தை ஏற்றும் சாயாமல் நின்றன. டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் அவற்றைச் சோதித்து, நம் மண்ணில் விளையும் என்று கண்டனர்.

ஆராய்ச்சிப் பண்ணையில் விளைவது வேறு, குடியானவர் வயலில் விளைவது வேறு. ஆதலால் குடியானவர்களின் சொந்த நிலங்களிலேயே செயல் விளக்க வயல்கள் அமைக்கப்பட்டன. மந்திரி தம் டில்லி இல்லத்துப் புல்தரையை உழுது அங்கும் புதுக் கோதுமையைப் பயிரிட்டார். 1965-ல் 250 டன் விதை வரவழைக்கப்பட்டது. 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை கப்பலேறி வந்தது. இவ்வளவு விதை ஒரே தவணையில் ஒரு தேசத்துக்குள் வந்ததாக அதற்கு முன் கேள்வி இல்லை.

விஞ்ஞானிகளுக்கு உரிய இடத்தைக் கொடுத்ததும் அவருடைய காரியங்களில் ஒன்று. அதுவரை இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலை நடத்தியவர்கள் நிர்வாக உத்தியோகஸ்தர்களே. 1965-ல் முதன்முறையாக விஞ்ஞானியான டாக்டர் பி. பி. பால் அதன் டைரக்டர் ஜெனரல் ஆனார். விவசாய இலாகாவின் காரியதரிசியாக பி. சிவராமன் வந்து, திட்டங்களைக் கிராமம் வரையில் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றார்.

நெல்லிலும் முயற்சி நடந்தது. தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணை தந்த ஏ.டி.டி. 27 ரகம், ஜப்பானிய இனமும் நம் நாட்டு இனமும் கலந்தது. குறுவைக்கு ஏற்றதென்று பரவியது. 1966-ல் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 8 வெளிவந்தது.

கடனும் கூட்டுறவும்

புது விதைக்கு உரம் வேண்டும். உரத்துக்கு ரொக்கம் வேண்டும். 1951-52-ல் ரிஸர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வின்படி, குடியானவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது நூற்றுக்கு 3 பங்கைச் சற்றே தாண்டியது. பெரும்பகுதியை லேவாதேவிக்காரர்களே தந்தனர். அவ்வாய்வின் பயனாக எழுந்த யோசனையே பயிர்க் கடன் முறை. நிலத்தின் மதிப்பைப் பார்த்துக் கடன் கொடுப்பதை விட்டு, எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், என்ன செலவு என்று கணக்கிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகவும் ஒரு பகுதியை உரமாகவும் கொடுத்து, அறுவடையானதும் வசூலிப்பது அம்முறை.

1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்து இந்திரா காந்தி பிரதமரானபோது, சமூக நலத் திட்டமும் கூட்டுறவும் உணவு, விவசாயத்துடன் ஒரே இலாகாவாக இணைக்கப்பட்டுச் சுப்பிரமணியத்திடம் வந்தன. கடன், உரம், விதை மூன்றும் ஒரே கையில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதனால் நிறைவேறியது. பால் துறையிலும் அக்காலத்திலேயே கூட்டுறவுக்கு ஓர் அடித்தளம் இடப்பட்டது. 1964 அக்டோபரில் குஜராத்தின் ஆனந்தைக் கண்டு வியந்த சாஸ்திரியின் விருப்பப்படி, 1965-ல் தேசியப் பால்வள அபிவிருத்தி போர்டு அங்கே அமைந்தது. வர்கீஸ் குரியன் அதை நடத்தினார்.

எதிர்த்தவர்கள் சொன்னது

இம்முடிவுகள் எளிதில் நிறைவேறவில்லை. நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி, உர இறக்குமதிக்கு ஆகும் அந்நியச் செலாவணியை எண்ணி எதிர்த்தார். தானிய விலையை உயர்த்தினால் எல்லா விலைகளும் உயரும் என்று சிலர் வாதித்தனர். பணமும் நீரும் உள்ள பெரிய மிராசுதாருக்கே பயன் சேரும், ஏழைக் குடியானவர் பின்தங்குவார் என்று இடதுசாரி அங்கத்தினர்கள் லோக்சபையில் கூறினர். அந்நிய நாட்டு விதையை நம்பிப் புது நோயைக் கொண்டுவரலாமா என்று கேட்டவரும் உண்டு. இவ்வாதங்களை வீண் என்று தள்ளிவிட முடியாது. ஒன்றிரண்டு பிற்காலத்தில் பலித்தும் விட்டன.

இதற்கிடையே 1965 ஜனவரியில் சென்னை ராஜ்யத்தில் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் மாண்டன. பிப்ரவரியில் சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய மந்திரிப் பதவியை ராஜினாமாச் செய்தனர். ஆங்கிலம் நீடிப்பது பற்றி நேரு தந்த உறுதி காக்கப்படும் என்று சாஸ்திரி வானொலியில் அறிவித்தார், ராஜினாமாக்கள் வாபஸாயின.

பஞ்சமும் தேர்தலும்

1965-ல் மழை பொய்த்தது, 1966-லும் பொய்த்தது. 1964-65-ல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல், 1965-66-ல் 7.2 கோடி டன்னாக வீழ்ந்தது. பீகாரில் பஞ்சம் தலைகாட்டியது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. 1965 நவம்பரில் ரோம் நகரில் சுப்பிரமணியம் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயத்துக்கு இந்தியா செய்யப்போகும் காரியங்களைக் குறித்து உடன்பாடு செய்துகொண்டார். தானியத்துக்காக அந்நியருக்கு வாக்குக் கொடுத்தார் என்ற பழி ஒரு பக்கம். கப்பல் நின்றால் பட்டினி என்ற நிலை மறுபக்கம்.

1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்தது. அரிசிப் பஞ்சமும் மொழிப் பிரச்னையும் மக்கள் மனத்தில் நின்றன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்களித்தது. ராஜ்யத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். கோபிசெட்டிப்பாளையம் லோக்சபைத் தொகுதியில் நின்ற சுப்பிரமணியமும் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். அரிசிக்கு வரிசையில் நின்றவர்களிடம், விதை நட்டிருக்கிறோம், பொறுங்கள் என்று சொல்வது எடுபடவில்லை. அவர்கள்மீது குற்றம் காண்பதற்கும் இல்லை; பசிக்குத் தவணை கிடையாது.

அவர் இலாகா ஜகஜீவன் ராம் அவர்களிடம் சென்றது. மழையும் திரும்பியது. 1967-68-ல் தானியம் 9.5 கோடி டன் விளைந்தது. கோதுமை மட்டும் 1.65 கோடி டன். பஞ்சாபில் கிடங்குகள் போதாமல் பள்ளிக்கூடங்களில் கோதுமையைக் கொட்டிவைத்தனர். 1968-ல் சர்க்கார் கோதுமைப் புரட்சி என்று தபால் தலை வெளியிட்டது. 1970-71-ல் கோதுமை 2.38 கோடி டன்னை எட்டியது. கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் போயிற்று.

பற்றுப் பக்கம்

வரவுப் பக்கத்தை மட்டும் படிப்பது நல்ல கணக்காகாது. பாசன வசதியுள்ள ஜில்லாக்களே முதலில் பயனடைந்தன. மானாவாரி நிலம் காத்திருந்தது. பருப்பு வகைகளும் சிறுதானியங்களும் நெல் கோதுமைக்கு நிகராக வளரவில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே சென்றது. கூடுதல் விளைச்சலில் கூலியாளுக்குப் பங்கு என்ன என்ற கேள்வி தஞ்சை ஜில்லாவில் கூலித் தகராறாக மூண்டது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் ஆவர். விளைச்சலைப் பெருக்குவது ஒரு காரியம். அதை நியாயமாகப் பகிர்வது வேறொரு காரியம். முன்னது விதையால் நடந்தது. பின்னது விதையால் நடப்பதில்லை.

பின்னாளைய பணி

1969-ல் காங்கிரஸ் பிளவுபட்டபோது அவர் இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். 1971-ல் கிருஷ்ணகிரியிலிருந்து லோக்சபைக்குத் திரும்பி, திட்டம், தொழில் அபிவிருத்தி ஆகிய இலாகாக்களை வகித்து, 1974 அக்டோபரில் நிதி மந்திரியானார். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் ஐந்து வட்டாரக் கிராமிய வங்கிகள் தொடங்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கத்துக்கு உள்ள உள்ளூர்ப் பழக்கத்தையும் வணிக வங்கிக்கு உள்ள நிர்வாகத் திறனையும் ஒன்றுசேர்ப்பது அவ்வங்கிகளின் நோக்கம்.

அவரிடம் விவசாயக் காரியதரிசியாக இருந்த சிவராமன், 1974-ல் கைத்தறித் தொழிலை ஆராய்ந்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். சிதறிக் கிடக்கும் தறிகளைக் கூட்டுறவின் கீழ்க் கொண்டுவரவேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. கைத்தறிக்கெனத் தனி அபிவிருத்திக் கமிஷனர் 1975-ல் நியமிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே.

1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடி நிலையின்போதும் அவர் மந்திரி சபையில் இருந்தார். பத்திரிகைகளுக்குத் தணிக்கையும், எதிர்க்கட்சியினருக்குச் சிறையும் இருந்த காலம் அது. அவருடைய பொதுவாழ்வின் கணக்கில் அதையும் சேர்த்தே எழுதவேண்டும். பின்னர் இந்திரா காந்தியிடமிருந்து விலகி, 1979-ல் சரண் சிங் மந்திரி சபையில் பாதுகாப்பு மந்திரியாகச் சில மாதங்கள் இருந்தார். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர கவர்னர். 1998-ல் பாரத ரத்னா விருது. 2000 நவம்பர் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தில் நம் சங்கங்களுக்குப் பொருந்துவன இரண்டு. நிர்வாகிகள் வருங்காலத்துக்காகச் செலவு செய்யத் தீர்மானித்தால், அது எதற்கு, எந்த ஆண்டு பலன் தரும், அதுவரை பாரத்தைச் சுமப்பவர் யார் என்று அங்கத்தினர்களிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். பலன் வரும் வரையில் சிறிய அங்கத்தினர் தாங்குவதற்கு வழியும் செய்யவேண்டும். இல்லையேல் நல்ல திட்டமும் வாக்குப் பெட்டியில் மடியும். அங்கத்தினர்களாகிய நாமும், கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, இவ்வாண்டு இலாபத்தோடு, சென்ற குழுக்கள் இட்டுச் சென்ற கிடங்கு, தறி, நிதி இவற்றையும் நினைவுகூரவேண்டும்.

கூடுதல் விளைச்சலோ கூடுதல் இலாபமோ வரும்போது, அது கடைசி அங்கத்தினர் வரை சென்றதா என்று கேட்பது பொதுக்கூட்டத்தின் உரிமை. மந்திரிகள் விலையை நிர்ணயிக்கலாம், விதையை வரவழைக்கலாம். பகிரும் வேலை ஊரில்தான் நடக்கிறது. அதற்காகவே சங்கம் இருக்கிறது.